ஜனவரிக்காரி

மார்டெல் ஊரில் படிப்பில் கெட்டி யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட ரெனோ வில்லெட்டின் வீட்டைக் கைகாட்டும். மெய்ன் மாநிலத்தின் வடக்குக் கோடியில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் மார்டெல். அந்தப் பக்கம் கனடா. இரண்டு கரையிலும் ஒரே சனம், ஒரே பிரெஞ்சு, ஒரே உருளைக்கிழங்கு. ரெனோ பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினார். அவர் மனைவி ஜெர்மேனுக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. ஒரே மகள் கொரீன்.

கொரீன் முதல் வகுப்பிலிருந்து முதல் இடத்தை விட்டுக்கொடுத்தவள் இல்லை. அதற்காகத் தலைக்கனம் பிடித்தவள் என்றும் சொல்ல முடியாது. வகுப்பில் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் அவள் கை மேலே போய்விடும், அவ்வளவுதான். தோற்றால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. பழகச் சந்தர்ப்பம் வாய்த்ததில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் அவள் விண்ணப்பம் போட்ட கல்லூரிகளில் வெதரில் கல்லூரிதான் பெரிது. தெற்கே மாசச்சூசெட்ஸில் இருக்கிறது. மார்டெலிலிருந்து அங்கே யாரும் போனதில்லை. பதில் வந்தது மார்ச் மாதக் கடைசியில், ஒரு மதியம். வெளியே பனி இன்னும் முழங்கால் உயரம் கிடந்தது. கொரீன் அடுக்களை மேசையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். ரெனோ மதியச் சவாரிக்குக் கிளம்பியவர், ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியேயுமாக அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"வாழ்த்துகள்னு போட்டிருக்கு! வாழ்த்துகள்னுதானே போட்டிருக்கு?"

"ஆமாம்ப்பா."

"இடம் கொடுக்கறதில் மகிழ்ச்சி அடைகிறோம்னு இருக்கு!"

"ஆமாம்ப்பா, இருங்க, இன்னும்..."

அவர் இருக்கவில்லை. மகள் தலையை இரண்டு கையாலும் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்துவிட்டு, தொப்பியை மறந்து, வெளியே ஓடினார். பேருந்து கிளம்பும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் கொரீன் இரண்டாவது பத்தியைப் படித்தாள். செப்டம்பரில் இடம் இல்லை. ஜனவரியில், படிப்பாண்டின் நடுவில், வந்து சேர்ந்துகொள்ளலாம். அதற்குள் சில மாணவர்கள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போவார்கள், சிலர் விலகிப் போவார்கள், அறைகள் காலியாகும். பூசி மெழுகித்தான் எழுதியிருந்தார்கள். ஆனாலும் அவளுக்கு விளங்கிவிட்டது. முதல் பந்தியில் இலை இல்லை. யாராவது எழுந்து போனால் கூப்பிடுகிறோம், வாசலில் நில்.

முகம் சுட்டது. கணினியை மூடிவிட்டுத் தொட்டியடியில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள். குடிக்கக்கூட இல்லை.

அப்பா வந்ததும் சொல்லிவிடுவோம் என்றுதான் நினைத்தாள். ஆனால் பேருந்தில் ஓட்டுநர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு ரேடியோக் கருவி உண்டு. ரெனோ அதில் எல்லா ஓட்டுநர்களுக்கும் சேதி சொல்லிவிட்டார். ஓட்டுநர்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள், பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். சாயங்காலம் ஜெர்மேன் வேலை முடிந்து வரும்போது கையில் ஒரு கேக் இருந்தது. முதியோர் இல்லத்தில் கூட வேலை செய்கிறவர்கள் அவசர அவசரமாகப் போட்டது. மேலே சர்க்கரைப் பாகில் வெதரில் என்று எழுதி, ஒரு எழுத்தை விட்டிருந்தார்கள்.

கொரீன் ஒரு துண்டு தின்றாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு அப்பாவிடம் பயமா என்றால், இல்லை. அந்த வீட்டில் அவள்மேல் யாரும் கை வைத்ததில்லை, குரல் உயர்த்தியதில்லை. அடிக்கிற அப்பனாக இருந்தால் ஒருவேளை அன்றைக்கே சொல்லியிருப்பாள். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதர் நிற்கும்போது அதைப் பிடுங்குவது எப்படி என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

கல்லூரிக்கு ஒரு பதில் எழுதினாள். ஜனவரி இடத்தை எனக்கு வைத்திருங்கள். செப்டம்பரில் யாராவது வரவில்லையென்றால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் சில சமயம் நடப்பதுண்டு, பார்க்கலாம் என்று அங்கிருந்து எழுதினார்கள். அந்த 'பார்க்கலாம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் ஏப்ரலையும் மே மாதத்தையும் கடந்தாள். செப்டம்பரில் இடம் கிடைத்துவிட்டால் சொல்லவேண்டிய அவசியமே இல்லையே. நடுவில் அம்மாதான் ஒரு தடவை கேட்டாள்.

"ஏன் கொரீன், பணம் கட்டச் சொல்லி ஒரு காகிதமும் வரலியே?"

"இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே வரும்மா."

ஜெர்மேன் அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஜூலை நடுவில் பதில் வந்தது. செப்டம்பருக்கு வழியில்லை. ஜனவரி இடம் உங்களுடையதுதான். வருவீர்களா மாட்டீர்களா என்று அக்டோபர் பாதிக்குள் உறுதி சொல்லுங்கள்.

அந்த வாரம் பங்குக் கோயிலில் கல்லூரி போகிற பிள்ளைகளுக்கு விருந்து வைத்தார்கள். மாதா சபைப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு போர்வை தைத்திருந்தார்கள். கொரீனுக்கு மட்டும் கூடவே ஒரு பெட்டியும், தூரதேசம் போகிறாளாம். சாமியார் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். பெட்டியை வாங்கிக்கொண்டு நின்றவளுக்குக் காது அடைத்துப்போனது. ரெனோ முதல் வரிசையில், எல்லாரும் நிறுத்திய பிறகும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்டுக் கடைசியில் புதுப் பிள்ளைகளை விடுதியில் சேர்க்கிற நாள். தேதி என்ன என்று ரெனோ கேட்டார், கல்லூரியின் இணையப் பக்கத்தில் போட்டிருந்ததைப் பார்த்துச் சொன்னாள். நம்பமுடியாத காரியந்தான். பிற்பாடு அவளாலேயே அதை நம்ப முடிந்ததில்லை. அந்த வாரம் முழுக்க, இன்றைக்குச் சொல்வேன், இன்றைக்குச் சொல்வேன் என்றுதான் இருந்தாள். டிரக்கில் சாமான் ஏற்றும்போது சொல்வேன் என்று இருந்தாள். கருக்கலில் கிளம்பினார்கள். ஜெர்மேனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை; சாண்ட்விச் கட்டிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றாள். வழியில் பெட்ரோல் போட நிறுத்தும்போது சொல்வேன் என்று நினைத்தாள். நிறுத்தினார்கள், அவர் கீழே இறங்கி, போர்வை நனையக்கூடாது என்று மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னார்:

"உன் தாத்தா இந்த ரோடு போடறப்போ மண்ணு சுமந்தவர். ஒருநாள்கூட இதுல பிரயாணம் பண்ணதில்ல, தெரியுமா?"

எப்படிச் சொல்வாள்?

வெதரில் கல்லூரி வாசலில் மஞ்சள் பனியன் போட்ட மாணவர்கள் வரிசையாக நின்று ஆரவாரம் செய்தார்கள். புதிதாக வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் அப்படித்தான். டிரக் நின்றதுமே நாலைந்து பேர் ஓடிவந்து பின்கதவைத் திறந்து, பெட்டி, போர்வை, மேசை விளக்கு, ஜெர்மேன் கொடுத்தனுப்பிய ஊறுகாய்ப் புட்டிகள் எல்லாவற்றையும் இறக்கிப் புல்வெளியில் அடுக்கிவிட்டார்கள். கொரீன் "இருங்க, இருங்க" என்றாள். சிரித்தார்கள். நாங்கள் இருக்கிறோமே, நீ ஏன் தூக்குகிறாய் என்றார்கள்.

ரெனோ அவளைத் தள்ளிக்கொண்டு பெயர் பதிகிற மேசைக்குப் போனார். நல்ல சட்டை போட்டிருந்தார், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடுகிறது. மேசையில் இருந்த பெண் பட்டியலில் விரலை ஓட்டினாள். இல்லை. மறுபடி ஓட்டினாள்.

"வில்லெட்னு சொல்றோம், ஆனா எழுதறது வேற மாதிரி," என்றார் ரெனோ. அவருடைய ஆங்கிலம் ஆற்றங்கரை ஆங்கிலம், பாதி பிரெஞ்சு. "ஓ, யு, ஈ... ஜனங்க தப்பு தப்பா எழுதுவாங்க. டபிள்யூல பாரும்மா. இல்லேன்னா வி."

டபிள்யூவிலும் பார்த்தாள். பின்னால் வரிசை நீண்டது. ஒரு அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். கொரீனுக்கு அந்த நிமிஷத்தில், இவர் ஏன் இவ்வளவு சத்தமாகப் பேசுகிறார் என்று தோன்றியது. இவருடைய பேச்சு ஏன் இப்படி இருக்கிறது என்று தோன்றியது. எல்லாக் குற்றமும் தன் பேரில் இருக்க, அந்த மனிதரைப் பார்த்து வெட்கப்பட்டாள். பின்னாளில் அவளை அதிகம் குத்தியது அதுதான்.

"இன்னொரு தடவ பாருங்கம்மா. எம் பொண்ணு பேரு இருக்கும்."

சேர்க்கை அலுவலகத்திலிருந்து திருமதி பெக்வித் என்று ஒருவர் வந்தார். கையில் இருந்த கணினியில் தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஓ! நீங்க ஜனவரிக்காரங்க! அடடா, ரொம்ப சீக்கிரமா வந்துட்டீங்களே!"

கேலியாகச் சொல்லவில்லை, பாவம். நிலைமையை இலகுவாக்கத்தான் சொன்னார். பக்கத்தில் ஓரிருவர் சிரித்தார்கள். ரெனோ திரும்பி மகள் முகத்தைப் பார்த்தார். ஒரு பார்வைதான். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று கொரீனுக்குத் தெரிந்தது. அவர் மறுபடி அந்த அம்மாளைப் பார்த்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"மன்னிக்கணும்மா," என்றார். "நான்தான் தேதியைத் தப்பாப் படிச்சிட்டேன். பொண்ணு சொன்னா, நான்தான் கேக்கல. உங்க நேரத்தையெல்லாம் வீணாக்கிட்டேன்."

மஞ்சள் பனியன்கள் சாமான்களைத் திரும்ப ஏற்றினார்கள். இப்போது யாரும் ஆரவாரம் செய்யவில்லை. ஊறுகாய்ப் புட்டிகளைக் கடைசியாகக் கொண்டுவந்து கொடுத்த பையன், "பத்திரமாப் போங்க சார்" என்றான். ரெனோ அவனுக்குக் கை கொடுத்தார்.

திரும்பி வருகிற வழியில் மாநில எல்லை தாண்டிய பிறகு ரெனோ ஒன்றே ஒன்று கேட்டார்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"மார்ச்சுலேர்ந்து."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனபின் சாண்ட்விச் பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் வைத்தார். வீடு வந்து சேர்ந்ததும் வாசலுக்கு ஓடிவந்த மனைவியிடம், அவள் வாயைத் திறக்குமுன்பே, "நான்தான் ஜெர்மேன், தேதியைத் தப்பாப் படிச்சிட்டேன்" என்றார்.

"நீயா?" என்றாள் ஜெர்மேன். பார்வை மட்டும் மகள் பேரில் இருந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை.

மார்டெலுக்குச் சிரிக்க விஷயம் கிடைத்தால் விடாது. ரெனோ ஜனவரியை செப்டம்பர் என்று படித்துவிட்டு, மகளையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு மாசச்சூசெட்ஸ் வரை போய்த் திரும்பிய கதை இரண்டு நாளில் ஆறு தாண்டிக் கனடாவுக்குப் போய்விட்டது. பேருந்தில் ஏறுகிற பொடிசுகள்கூட, "ரெனோ, இன்னிக்குப் பள்ளிக்கூடம் உண்டா? இல்ல ஜனவரியிலதானா?" என்று கேட்டன. "ஏறுடா, ஏறு, உனக்கு ஜூலையிலகூட வெப்பாங்க" என்பார் அவர்.

கொரீன் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சொல் சொன்னால் நின்றுவிடும். சொல்லவில்லை. அந்தக் கதை அவளுக்கு வசதியாக இருந்தது. 'பாவம், பொண்ணு என்ன பண்ணுவா' என்று ஊர் அவளுக்காக உச்சுக்கொட்டியது. அதை வாங்கி வைத்துக்கொண்டு, படுக்கையில் புரண்டாள்.

வெதரில் வேண்டாம் என்று அவள் மனசு முடிவுக்கு வந்திருந்தது. பக்கத்து ஊரில் அரசுக் கல்லூரி இருக்கிறது, பேருந்தில் போய் வரலாம். வெதரிலில் போய் நின்றால் அந்த மேசைப் பெண்ணும், சாமான் தூக்கிய பையன்களும் அங்கேதானே இருப்பார்கள்? யாரோ ஒருவன் தாக்குப்பிடிக்காமல் விட்டுப் போன கட்டிலில் போய்ப் படுக்க வேண்டும். வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. அதையும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினாள்.

செப்டம்பர் பாதியில் உருளைக்கிழங்கு எடுப்பு தொடங்கியது. எடுப்புக்காகப் பள்ளிக்கூடம் சில வாரம் மூடுவது அந்தப் பக்கத்து வழக்கம். பேருந்து ஓடாத நாளில் ரெனோ நொர்மான் டெஷேனின் வயலில் லாரி ஓட்டுவார். அந்த வருஷம் கொரீனும் அதே வயலில், அறுவடை இயந்திரத்தின் மேல் நின்று, ஓடுகிற பட்டையில் கிழங்கோடு வரும் கல்லையும் மண்கட்டியையும் பொறுக்கி எறிகிற வேலையில் சேர்ந்தாள். அவளுக்கு எதிரே நின்றது அகாத் மிஷோ என்கிற ஐம்பது வயதுக்காரி; தலையில் துண்டு, வாயில் ஓயாத பேச்சு.

"என்னடி, கல்லூரிக்காரி, கல்லை விட்டுட்டுக் கிழங்கை எறியறே?"

"தப்பாப் போச்சு அகாத்தக்கா."

"அப்பன் மாதிரியே. பார்வைக் கோளாறு குடும்பத்துலயே இருக்கு."

கொரீன் சிரித்தாள். தன் சிரிப்பு தன் காதிலேயே விழுந்தது.

சாப்பாட்டு வேளையில் எல்லாரும் வயல் ஓரத்தில், கவிழ்த்த பீப்பாய்களின் மேல் உட்கார்வார்கள். குடுவையில் கோழி ஸ்டியூ, வெண்ணெய் தடவிச் சுருட்டிய ப்ளோய் அடை. அன்றைக்கு நொர்மான் நல்ல குஷியில் இருந்தார். வயலுக்குச் சொந்தக்காரர், பெரிய உடம்பு, ஊரில் யார் மாதிரியும் பேசிக் காட்டக்கூடியவர். ஒரு காலிச் சாக்கை எடுத்துக் காலண்டர் மாதிரித் தூக்கிப் பிடித்து, தலைகீழாகத் திருப்பி, மூக்குக்கு நேரே கொண்டுவந்து, ரெனோ குரலில் ஆரம்பித்தார்.

"ஜெர்மேன்! ஏ ஜெர்மேன்! இது செப்டம்பர்தானே? வெளியில ஏன் பனி பெய்யுது?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரெனோவும் சிரித்தார். சிரித்ததோடு நிற்காமல் எழுந்து போய்ச் சாக்கை வாங்கினார்.

"அப்படி இல்லடா நொர்மான். நான் எப்படிப் படிச்சேன் தெரியுமா?" என்று ஒரு கண்ணை மூடி, சாக்கைத் தூரமாகப் பிடித்து, கிட்டே கொண்டுவந்து, மறுபடி தூரமாகப் பிடித்து, "ஜ... செ... ஜெப்டம்பர்!" என்றார்.

அகாத் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கொரீன் கையில் இருந்த அடையைக் கீழே வைத்தாள்.

"அவர் தப்பாப் படிக்கல," என்றாள்.

யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. "என்ன?" என்றார் நொர்மான்.

"அப்பா தப்பாப் படிக்கல. அவருக்கு ஜனவரின்னே தெரியாது. நான் சொல்லல. மார்ச்சுலேர்ந்து எனக்குத் தெரியும். கோயில்ல பெட்டி வாங்கறப்போ தெரியும். அங்க போய் மேசைல கேக்கறவரைக்கும் நான் யார்கிட்டயும் சொல்லல. அவர் எனக்காகச் சொல்றாரு."

சிரிப்பு அப்படியே அறுந்தது. ரெனோ கீழே நழுவவிட்ட சாக்கை நொர்மான் எடுத்து மடித்தார், மடிக்கத் தேவையே இல்லாத சாக்கு. யாரோ இருமினார்கள். கடைசியில் அகாத்தான், "ஸ்டியூ ஆறுது, சாப்பிடுங்க" என்றாள்.

கொரீன் அப்பாவைப் பார்த்தாள். முதுகில் தட்டுவார் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. ரெனோவின் முகம் அவள் என்றும் பார்த்திராத மாதிரி சிவந்திருந்தது. குடுவையை மூடினார். யாரையும் பார்க்காமல் நடந்துபோய் லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். பிற்பகல் முழுக்க அவர் லாரி இயந்திரத்தை ஒட்டி ஓடியது, கிழங்கு அதில் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு தடவைகூட அவர் தலையைத் திருப்பவில்லை.

வீட்டுக்கு வந்து சேற்றுப் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அடுக்களை நடுவில் நின்று கேட்டார்.

"எதுக்குச் சொன்னே?"

"உண்மை அதுதானேப்பா."

"உன்னைக் கேட்டாங்களா யாராவது? என்னை முட்டாள்னு சொல்றாங்க, சொல்லிட்டுப் போகட்டும். நான் தாங்குவேன். முப்பது வருஷமா அந்தப் பசங்க பேசறதைக் கேட்டுத்தான் வண்டி ஓட்டறேன். படிக்கத் தெரியாதவன்னு சொன்னா என்ன கொறஞ்சு போச்சு? இப்ப என்ன நெனைப்பாங்க தெரியுமா? பெத்த பொண்ணு, அஞ்சு மாசம், ஒரே மேசைல சாப்பிட்டுக்கிட்டு, அப்பன்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியல. அப்படி அவன் அவளை என்ன பண்ணினான்? அதைத்தான் கேப்பாங்க. வாயால கேக்க மாட்டாங்க, மனசுல கேப்பாங்க."

கொரீனுக்கு இது தோன்றியதே இல்லை.

"நீங்க ஒண்ணும் பண்ணலப்பா. நீங்க... சந்தோஷப்பட்டீங்க."

"அது தப்பா?"

கேட்டதுமே அவர் குரல் இறங்கியது. "நான் அன்னிக்கு முழுசாப் படிச்சிருக்கணும். தொப்பிகூட எடுக்காம ஓடினேன். முழுசாப் படிச்சிருக்கணும்." அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

ஜெர்மேன் அடுப்பிலிருந்து திரும்பாமலே பேசினாள். "எனக்கு மே மாசமே தெரியும், ஏதோ சரியில்லன்னு. நானுந்தான் கேக்கல. கேட்டா இல்லேன்னு ஆயிடுமோன்னு பயம். மூணு பேரும் அழகாத்தான் இருந்திருக்கோம். கையைக் கழுவிட்டு வாங்க."

சாப்பிட்டார்கள். எழுந்து போகும்போது ரெனோ சொன்னார்: "போறதும் போகாததும் உன் இஷ்டம். எனக்காகப் போகவும் வேண்டாம், எனக்காக நிக்கவும் வேண்டாம். என்னன்னு முடிவானா எனக்கு மட்டும் சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அக்டோபர் வந்து, கெடு நெருங்கியபோது இரண்டு நாள் மழை பிடித்துக்கொண்டது. சேற்றில் இயந்திரம் இறங்காது, வேலை இல்லை. கொரீன் கல்லூரிக்குத் தொலைபேசினாள். ஒரு வரி எழுதிப்போட்டாலே போதும்; ஆனால் இந்தத் தடவையாவது வாயால் சொல்ல வேண்டும் என்று வைராக்கியம். இடம் வேண்டாம், நன்றி, என்னால் உங்களுக்குச் சிரமம். மூன்று வாக்கியம். மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

எடுத்தது திருமதி பெக்வித்தேதான். பெயரைச் சொன்னதும், "ஓ, கொரீன்! உங்க அப்பா நல்லா இருக்காரா?" என்றார்.

"இருக்காரு."

"நீங்க வந்துட்டுப் போன மறுநாள் காலைல இங்க கூப்பிட்டாரு. உங்ககிட்ட சொல்லியிருப்பாரே."

"இல்ல. எதுக்கு?"

"தப்பு முழுக்கத் தன்னோடதாம், உங்க பேர்ல எதையும் எழுதி வெச்சுக்கிட்டு ஜனவரி இடத்தை எடுத்துடாதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு. அப்படியெல்லாம் நாங்க பண்ண மாட்டோம்னு சொன்னேன். நம்பின மாதிரி தெரியல. ரெண்டு தடவ கேட்டாரு. அப்புறம், அந்தப் பட்டியல் பாத்த பொண்ணுகிட்ட சத்தமாப் பேசிட்டேன், மன்னிக்கச் சொல்லுங்கன்னாரு. சரி, சொல்லுங்க. ஜனவரியைப் பத்தித்தானே கூப்பிட்டீங்க?"

அந்த மேசையருகில் அப்பாவின் சத்தத்தைக் கேட்டுக் கூசியது கொரீனுக்கு நினைவு வந்தது. அவருக்கும் அது தெரிந்துதான் இருந்திருக்கிறது. சத்தமாகப் பேசுகிறோம் என்று தெரிந்தே பேசியிருக்கிறார், மகள் பெயர் அந்தத் தாளில் எப்படியும் இருக்கும் என்று. மனப்பாடம் செய்த மூன்று வாக்கியத்தையும் விட்டுவிட்டாள்.

"வர்றேன்," என்றாள்.

துணிச்சல் வந்து சொன்னதில்லை. வெட்கம் தீர்ந்து சொன்னதும் இல்லை. வேண்டாம் என்று சொன்னால் அதைவிடப் பெரிய வெட்கமாகிவிடும் என்று தோன்றியது, அவ்வளவுதான். கொட்டகையில் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் போய், "போறேன்ப்பா, ஜனவரியில" என்றாள். தொலைபேசியில் கேட்டதைச் சொல்லவில்லை. "சரி" என்றார் அவர். சொன்ன சொல் தவறாமல், யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் மளிகைக்கடையில் அகாத்தான் கொரீனிடம் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"போறியா? போ, போ. பனிக்காலத்துல டிரக்குல போறீங்க, தார்ப்பாயை நல்லாக் கட்டிக்குங்க," என்றாள். அவள் வாயிலிருந்து அது ஆசீர்வாதத்துக்குச் சமம்.

ஜனவரியில் மஞ்சள் பனியன்கள் இல்லை. வாகன நிறுத்தத்தில் பனியை ஓரமாகத் தள்ளி மலைபோல் குவித்திருந்தார்கள். அன்றைக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒருவரை ஒருவர் பார்க்காமல் அவரவர் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். அறையில் அவள் பக்கத்துச் சுவரில், முன்பு இருந்தவள் ஒட்டியிருந்த படங்களின் பசைநாடாத் தடம் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. அவள் யார், ஏன் போனாள் என்று கொரீன் கேட்கவில்லை. கூட இருந்த பெண்ணும் சொல்லவில்லை. ரெனோ மூன்று மாடி ஏறி இறங்கி எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தார். அறைத்தோழி இருந்ததால் மிகவும் தாழ்ந்த குரலில், ஏறக்குறைய கிசுகிசுப்பாகப் பேசினார். அதைக் கேட்கக் கொரீனுக்குச் சகிக்கவில்லை. "நல்லாவே பேசுங்கப்பா" என்றாள். அவர் புன்னகை செய்தார். ஆனால் குரல் ஏறவில்லை.

அவள் படித்து முடித்தாள். முதல் இடம் இல்லை, நடுவாந்தரமாக. முதல் வருஷம் முழுக்க வகுப்பில் கையைத் தூக்கவே இல்லை. பிறகு மெல்ல மெல்லத் தூக்கினாள். ஆறுகளைப் பற்றிப் படித்து, இப்போது மெய்ன் மாநிலத் தலைநகரில் வசந்தகாலத்தில் பனிக்கட்டி எப்போது உடையும், வெள்ளம் எங்கே ஏறும் என்று கணித்துச் சொல்கிற வேலையில் இருக்கிறாள். நல்ல வேலைக்காரி என்று பெயர். தவறாகக் கணித்தால் அன்றைக்கே எழுந்து, நான் தவறாகக் கணித்துவிட்டேன் என்று சொல்லிவிடுகிறாள். சக ஊழியர்களுக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிகிறது.

அவள் வயல் ஓரத்தில் அத்தனை பேர் முன்னால் போட்டு உடைத்தும் ஊரில் நின்றது பழைய கதைதான். உண்மைக் கதையில் சிரிப்பு இல்லை. ரெனோ ஜனவரியைத் தப்பாகப் படித்த கதையில் இருக்கிறது. நொர்மான் இன்றைக்கும் அதை நடித்துக் காட்டுகிறார். இடையில் வந்து குடியேறியவர்களுக்கு அது ஒன்றுதான் தெரியும். கொரீன் ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தாள். அப்பா முகம் போகிற போக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

போன ஈஸ்டருக்கு ஜெர்மேனின் தங்கை குடும்பம் சாப்பிட வந்திருந்தது. அந்த வீட்டுப் பையனுக்குப் பாஸ்டனில் கல்லூரி கிடைத்திருக்கிறது. கோழியும் அடையும் பரிமாறி எல்லாரும் உட்கார்ந்ததும் தங்கை விஷயத்தை உடைத்தாள். ஓவென்று ஆரவாரம். ரெனோவும் எழுந்து பையன் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிடித்த கையை விடாமலே, மிகவும் கனிவாகக் கேட்டார்:

"எந்த மாசம்ப்பா?"

மேசை அதிரச் சிரித்தார்கள். பையனும் சிரித்தான். ரெனோ விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். கொரீன் தண்ணீர்ச் சாடியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். சாடி பாதிக்குமேல் நிறைந்துதான் இருந்தது.